வகுப்பிலே மரியாதை, விசாவிலே முடிச்சு! கொரியாவில் புது இங்கிலீஷ் வாத்தியார் படும் பாடு

விமானத்தை விட்டு இறங்கி இரண்டு நாள் ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்தில் காலடி வைத்ததும் முதல் கேள்வி விழுகிறது.

"உங்க வயசு என்ன?"

பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்தது. "கல்யாணம் ஆயிடுச்சா?"

அமெரிக்காவில் இருந்தோ கனடாவில் இருந்தோ வந்த புது வாத்தியார் ஆடிப் போகிறார். அவர் ஊரில் இப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நம்ம ஊர் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்காததா என்று நமக்குத் தோன்றும்!

தென்கொரியாவில் இது வம்பு இல்லை. எதிரில் நிற்பவர் பெரியவரா சின்னவரா என்று தெரியாமல் அங்கே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. "வா", "வாங்க" என்று நாம் மாற்றுகிறோம் அல்லவா? அதுபோல கொரிய மொழியிலும் வினைச்சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறும். வயசு தெரியாவிட்டால் எந்த வாலைப் போடுவது?

அந்த வயசிலும் ஒரு வேடிக்கை இருந்தது. பிறந்த உடனே ஒரு வயசு. ஜனவரி 1 வந்தால் ஊருக்கே ஒரு வயசு கூடும். டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயசு! 2023 ஜூனில் அமலுக்கு வந்த சட்டம்தான், அரசாங்கக் காரியங்களுக்கு உலக வழக்கப்படி வயசு என்று ஆக்கியது.

ஏழு நாட்டுக்காரர்

வருஷா வருஷம் இப்படி வெளிநாட்டு வாத்தியார்கள் போய் இறங்குகிறார்கள். அவர்களுக்குக் கொடுப்பது 'ஈ-2' என்ற விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, தென்ஆப்பிரிக்கா - இந்த ஏழு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். ஒரு டிகிரி இருக்க வேண்டும். எந்தப் பாடம் என்று கேட்பதில்லை. கெமிஸ்ட்ரி படித்தவரும் இங்கிலீஷ் வாத்தியார்தான்!

போலீஸ் சான்றிதழ் வேண்டும். டிகிரிக்கு அரசு முத்திரை வேண்டும். போய் இறங்கியதும் உடம்புப் பரிசோதனை. போதைப் பொருள் பழக்கம் உண்டா என்றும் அதில் பார்ப்பார்கள்.

'நம்ம ஆட்களுக்கு வழி கிடையாதா?' ஒரு சின்னக் கதவு உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. டிகிரியோடு இங்கிலீஷ் ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் வைத்திருக்கும் இந்தியர், பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியராகச் சேர அதில் இடம் இருக்கிறது. டுடோரியல்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

'இருபது லட்சம்' சம்பளம்!

மாதச் சம்பளம் இருபது லட்சத்துக்கு மேல் என்றதும் யாரும் மயங்கி விழ வேண்டாம். அது கொரிய 'வான்' கணக்கு. நம்ம ரூபாயில் ஒன்றேகால் லட்சம் சுற்றுவட்டம். குடியிருக்க வீட்டையும் முதலாளியே கொடுப்பார். வீடு என்றால் ஒரே அறை. அதற்கு அங்கே பேரே 'ஒன்-ரூம்'!

பாத்ரூமைப் பார்த்து வெள்ளைக்காரர் திகைப்பார். தனியாகக் குளியல் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர். நமக்கு அது பிறந்த வீடு மாதிரி.

குளிர் காலத்தில் சியோலில் பனி உறையும் குளிர். ஆனால் வீட்டுத் தரை சுடும். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைக் கல் தரைக்கு அடியில் விட்டுச் சூடாக்கினார்கள். இப்போது குழாயில் வெந்நீர் ஓடுகிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தால் எழ மனசு வராது.

குப்பைதான் பெரிய தலைவலி. 1995 முதல் சட்டம். அந்த வட்டாரத்து முத்திரை போட்ட பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் கொட்ட வேண்டும். சாப்பாட்டு மிச்சம் தனி. பாட்டில் தனி. அட்டை தனி. தெரியாமல் கடைப் பையில் கட்டி வைத்தால் அபராதம். புது வாத்தியார் கொரியாவில் வாங்கும் முதல் பாடம் பெரும்பாலும் குப்பைத் தொட்டி பக்கத்தில்தான்.

முதல் மாதம் கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். 90 நாளுக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும். அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும். அது வரும் வரை செல்போன் கணக்கு, பாங்க் வேலை எல்லாம் இழுபறி. முதல் சம்பளம் வரும்வரை ஊரில் இருந்து கொண்டு வந்த பணம்தான் கஞ்சி ஊற்றும்.

"ஃபைட்டிங்!"

வகுப்பில் நுழைந்தால் பிள்ளைகள் முஷ்டியை உயர்த்தி "பைட்டிங்!" என்று கத்துகிறார்கள். அடிதடியா? இல்லை! 'ஜெயிச்சுக் காட்டுங்க' என்று உற்சாகப்படுத்துகிறார்கள். இதெல்லாம் கொரிய இங்கிலீஷ். 'ஹேண்ட்போன்' என்றால் செல்போன். ஓட்டல்காரர் ஒரு தட்டை வைத்து "சர்வீஸ்" என்றால், காசு வேண்டாம், சும்மா சாப்பிடுங்க என்று அர்த்தம். புது வாத்தியார் சேவைக் கட்டணம் கேட்கிறார் என்று பர்ஸை எடுப்பார்.

'எஃப்' ஓசை கொரிய மொழியில் கிடையாது. அதனால் அவர்களுக்கும் அது காப்பிதான்! சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் ஒரு உயிரை ஒட்ட வைப்பார்கள். நாம் 'பஸ்ஸு', 'லைட்டு' என்கிறோம். அவர்கள் 'பொஸு' என்கிறார்கள். அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா'. இதைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரருக்குப் புல்லரிக்கும்.

இந்த ஒற்றுமையைப் பார்த்துப் புத்தகமே எழுதியவர் ஒருவர் உண்டு. அவரும் இங்கிலீஷ் வாத்தியார்தான்! ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். 1886-ல் கொரிய அரசர் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போனார். அப்போது அவருக்கு வயசு 23. கூடப் போனவர்கள் இரண்டு பேர். போன இடத்தில் கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டு, அதிலேயே பாடப் புத்தகம் எழுதினார். 1905-ல் கொரிய மொழியையும் நம்ம திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழி ஆராய்ச்சியாளர்கள் இன்று ஏற்பதில்லை. அது வேறு விஷயம். ஹல்பர்ட் 1949-ல் 86 வயதில் மறுபடி சியோலுக்குப் போய், சில நாளில் இறந்தார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

இன்றைய வாத்தியாருக்கும் எழுத்து ஒரு கஷ்டம் இல்லை. செஜோங் மன்னர் 1446-ல் நாட்டுக்குக் கொடுத்த எழுத்து அது. மெய் 14, உயிர் 10. இரண்டையும் கூட்டினால் அசை. சுறுசுறுப்பானவர் ஒரு வாரத்தில் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிவிடுவார்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை! பிள்ளைகள் பெயரைச் சிவப்பு மையில் எழுதிவிடக் கூடாது. செத்தவர் பெயரைத்தான் அப்படி எழுதுவார்கள் என்று வகுப்பே அலறும்.

விமானமே நிற்கும் பரீட்சை

இங்கிலீஷுக்கு அங்கே ஏன் இத்தனை வெறி? நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பார்த்தால் புரியும். அன்றுதான் கல்லூரி நுழைவுத் தேர்வு. பங்கு மார்க்கெட் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். லேட்டாகிவிட்ட மாணவரைப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறப்பார். மத்தியானம் இங்கிலீஷ் காதால் கேட்டு எழுதும் தேர்வு. அந்த 35 நிமிஷம் நாடு முழுவதும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது!

அதற்குத்தான் 'ஹாக்வோன்' எனப்படும் டுடோரியல்கள். சியோலில் தேச்சி-தொங் என்ற வட்டாரமே டுடோரியல்மயம். ராத்திரி பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று சியோலில் கட்டுப்பாடு. 2009-ல், மீறுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தால் இனாம் என்றுகூட அரசாங்கம் அறிவித்தது!

அரசுப் பள்ளியில் சேர்ந்தால் காலையில் போய் சாயங்காலம் வீடு. கூடவே ஒரு கொரிய ஆசிரியர் துணை. டுடோரியல் என்றால் மத்தியானம் தொடங்கி ராத்திரி வரை. தலைவரை "வொன்ஜாங்-நிம்" என்று மரியாதையோடு கூப்பிட வேண்டும். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால். விருந்தில் அவர் ஊற்றினால் இரண்டு கையால் டம்ளரை ஏந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும்.

வாத்தியாருக்கும் அங்கே மரியாதை உண்டு. "சொன்செங்-நிம்" என்று தலை குனிந்து வணங்குவார்கள். ஆனால் சிக்கல் வேறு இடத்தில்.

பதினோராவது மாதம்

ஈ-2 விசா, வேலை கொடுத்தவரோடு முடிச்சுப் போட்டது. வேலை பிடிக்கவில்லை என்று நினைத்த மாத்திரத்தில் அடுத்த தெருவில் சேர முடியாது. ஒப்பந்தம் முடியுமுன் மாற வேண்டுமானால் பெரும்பாலும் பழைய முதலாளி சம்மதக் கடிதம் தர வேண்டும். அவர் மாட்டேன் என்றால்? ஊருக்குத் திரும்பி மறுபடியும் முதலில் இருந்து!

வீடும் அவருடையது. வேலை போனால் வீடு போச்சு. வீடு போன கையோடு விசாவும் ஆட்டம் காணும்.

ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தால், விலகும்போது ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்பது கொரியச் சட்டம். பெரும்பாலானவர் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். சில டுடோரியல் முதலாளிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பத்து மாதம் வரை "சொன்செங்-நிம், சொன்செங-நிம்" என்று உருகுவார்கள். பதினோராவது மாதம், "பெத்தவங்க புகார் சொல்றாங்க, நாளையில இருந்து வர வேண்டாம்" என்பார்கள். ஒரு மாதச் சம்பளமும் விமான டிக்கெட்டும் மிச்சம்!

இன்னொரு தந்திரமும் உண்டு. வாத்தியாரை ஊழியர் என்று காட்டாமல், தனித் தொழில் செய்பவர் என்று கணக்கில் எழுதுவது. சம்பளத்தில் 3.3 சதவீதம் பிடித்தம் என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். இன்ஷூரன்ஸும் பென்ஷனும் அந்தக் கணக்கில் ஓடிப் போகும்.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 2007-ல் வெளிநாட்டு இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்றார்கள். கூட வேலை பார்க்கும் கொரிய ஆசிரியருக்கு அது கிடையாது. 2009-ல் நியூஸிலாந்து ஆசிரியை ஒருவர், மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொன்னபோது மறுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் விடவில்லை. 2015-ல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு அவர் பக்கம் நின்றது. 2017-ல் பரிசோதனையை எடுத்தார்கள். 2019-ல் சியோல் கோர்ட் அவருக்கு 3 கோடி வான் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. பத்து வருஷப் போராட்டம்!

எல்லாரும் பத்து வருஷம் போராட வேண்டியதில்லை. மூன்று மாதம் வேலை பார்த்தவரை நிறுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அல்லது 30 நாள் சம்பளம். ஐந்து பேராவது வேலை பார்க்கும் இடமானால், காரணம் இல்லாமல் நீக்கியதை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் தொழிலாளர் கமிஷனில் மனுப் போடலாம். 1350 என்ற எண்ணைச் சுழற்றினால் தொழிலாளர் துறை. 1345 வெளிநாட்டவருக்கான விசா விசாரணை. அங்கே இங்கிலீஷிலேயே பேசுவார்கள்.

அங்கே பல வருஷம் காலம் தள்ளியவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கேட்பது வயசு இல்லை. "ஒப்பந்தத்தோட கொரியக் காப்பியை யாரையாவது விட்டுப் படிச்சுப் பார்த்தியா?" இங்கிலீஷ் காப்பியில் ஒன்று, கொரியக் காப்பியில் ஒன்று இருந்தால் கொரியக் காப்பிதான் செல்லும் என்று பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டிருக்கும்.