மனைவி என்றாலும் கையெழுத்துப் போட முடியாது

கணவர் திடீரென்று பக்கவாதம் வந்து விழுந்துவிடுகிறார். பேச்சு இல்லை, ஆளும் அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனைச் செலவுக்காக அவர் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மனைவி போனால் முடியாது என்கிறார்கள். இருவர் பெயரிலும் உள்ள வீவக வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகலாம் என்றாலோ, அதற்கும் கணவரின் கையெழுத்து வேண்டும். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் என்பதற்காக அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் தானாக வந்துவிடாது. நம்மவர்களில் பலருக்கு இதை நம்புவதே சிரமமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் இதற்கு வழி சொல்வது மன ஆற்றல் சட்டம். 2008ல் நிறைவேறி 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, "எனக்கு முடியாமல் போனால் இன்னார் எனக்காக முடிவெடுக்கட்டும்" என்று 21 வயது நிரம்பிய எவரும் எழுதி வைக்கலாம். நீண்டகால அதிகாரப் பத்திரம், சுருக்கமாக எல்பிஏ என்பது இதுதான். உடல்நலப் பராமரிப்பு ஒரு பக்கம், பணமும் சொத்தும் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒருவரிடமே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற டாக்டர், மனநல மருத்துவர் அல்லது வழக்கறிஞர் ஒருவர் உங்களிடம் பேசிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். பிறகு பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு. 2022 நவம்பர் முதல் இதை சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே செய்யலாம்.

எழுதிய மறுநாளே பிள்ளை வீட்டைப் பிடுங்கிக்கொள்வானோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நீங்கள் மன ஆற்றலை இழந்தால்தான் உங்கள் சொத்து விஷயத்தில் அவர்கள் உங்களுக்குப் பதிலாக முடிவெடுப்பது சரியாகும். உங்கள் உயிலை அவர்கள் எழுதவோ, மத்திய சேமநிதி நியமனத்தைச் செய்யவோ சட்டம் இடம் தருவதில்லை. ஆனாலும் பயம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். வசதியான மூதாட்டி ஒருவர் 2012ல் சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலா வழிகாட்டிக்கு இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். 2014ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவரிடமிருந்து 1.1 மில்லியன் வெள்ளியைக் கையாடியதற்காக அந்த ஆடவர் 2016ல் சிறைக்குப் போனார். ஆள் தெரிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. முதுமை மறதி என்று டாக்டர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆரம்பக் கட்டத்தில், தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது பெரியவருக்குப் புரிந்தால் அப்போதும் எழுதலாம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

அந்தக் காலமும் கடந்துவிட்டால் மிச்சமிருப்பது நீதிமன்றம்தான். டாக்டர் அறிக்கையோடு விண்ணப்பித்தால் நீதிமன்றம் ஒரு பிரதிநிதியை நியமிக்கும். செலவும் அலைச்சலும் அதிகம்; பொறுப்பேற்றவர் ஆண்டுதோறும் பொதுப் பாதுகாவலருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். பெரியவர் மனதில் யார் இருந்தார் என்பதை இனி அவரிடம் கேட்க முடியாது. அண்ணன் தம்பிகளுக்குள் ஒற்றுமை இல்லாவிட்டால் வழக்கு இன்னும் இழுக்கும்.

அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்குப் பெரும்பாலும் இந்த ஒரு வழிதான். பிள்ளைக்கு 21 வயதானதும் சட்டப்படி அவன் பெரியவன். தாயார் அவனுக்காகக் கையெழுத்திட முடியாது. பத்திரம் எழுதித் தரும் ஆற்றலும் அவனுக்கு இல்லை. எனவே பெற்றோர் பிரதிநிதியாக நியமனம் பெறவேண்டும். அந்த விண்ணப்பத்திலேயே தங்களுக்குப் பிறகு பொறுப்பேற்பவராக அவனுடைய அக்காவையோ சித்தப்பாவையோ நியமிக்கும்படியும் கேட்டுக்கொள்ளலாம்.