ஏலமும் பிடியரிசியும்

அறுப்பின் பண்டிகை ஏலத்தை வெறும் தர்ம நிதி திரட்டலாகப் பார்க்க என்னால் முடியவில்லை. தென் மாவட்டத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் முட்டை, பூசணிக்காய், சேவல் என்று கொண்டுவருவார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஏலம் கூவுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் நூற்றுக்கணக்கான ரூபாய்க்குப் போகும். விலை பழத்துக்கா? எடுத்தவர் பெயருக்கு. எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்கு விடுவதும் உண்டு. பண்டம் பயன்மதிப்பை இழந்து கௌரவத்தின் குறியாகிவிடுகிறது. (ஆலயத்துச் சந்தையை இயேசு சாட்டையால் விரட்டிய கதையைப் படித்த பிள்ளைகள்தான் இவர்கள்.)

இன்றைய மிசோரத்தின் பிரஸ்பிடேரியன் சபையில் 1910இல் தொடங்கிய பிடியரிசி வேறு வகை. உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள், சேர்ந்தது சபைக்கு. கூலிக்காரி வீட்டுப் பிடிக்கும் அதிகாரி வீட்டுப் பிடிக்கும் அப்படியென்ன வித்தியாசம் இருந்துவிடும், கைதானே அளவு.

ஏலத்தில் அது நடக்காது. திரட்டுவது பிள்ளைகள், யாருக்குக் கொடுப்பது என்பதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும். கொடை வாங்க வேண்டிய ஏழை வெளியிலும் இல்லை. அதே கூட்டத்தில்தான் ஏலம் கேட்க வாயில்லாமல் நிற்கிறான். தன் மகள் சுமந்துவந்த பூசணிக்காயை அவனால் திருப்பி எடுக்க முடியாது.