மின்சிகரெட்: நாக்கு சொன்னதும் நுரையீரல் சொல்லாததும்

சென்ற கோடை விடுமுறையில் துபாயிலிருந்து ஊருக்கு வந்திருந்த என் அத்தை மகன், பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு கருவியை என் தந்தையாரிடம் கொடுத்தார். "பீடியை விட்டுட்டு இதை இழுங்க மாமா. நெருப்பும் கிடையாது, சாம்பலும் கிடையாது" என்றார். என் தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். பதினேழு வயதில் தொடங்கிய பீடிப் பழக்கம் இன்று நாளொன்றுக்கு ஒரு கட்டு என்ற அளவில் இருக்கிறது. விடியற்காலையில் அவர் இருமும் ஓசை கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் விழிப்போம். அவர் அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என் கையில் கொடுத்து, "நீதான் காலேஜுல படிக்கிறியே, இது நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்விசிறி நின்றுபோனாலும், மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது புரியாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். தெரிந்தவன்போல ஏதேனும் சொல்லிவிடுவது என் வழக்கம். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல மனம் துணியவில்லை. ஆகவே நூலகத்தில் தேடியும், இயற்பியல், வேதியியல் துறை விரிவுரையாளர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கருவியின் அமைப்பு

மின்சிகரெட்டில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. ஒன்று பாட்டரி. மற்றொன்று மெல்லிய கம்பிச் சுருள். மூன்றாவது, சுருளின் நடுவே செருகிய பஞ்சுத் திரியும் அதை நனைக்கும் திரவமும். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல இத்திரி திரவத்தை உறிஞ்சுகிறது. மின்னோட்டம் பாய்ந்ததும், இஸ்திரிப் பெட்டியின் கம்பியைப்போலச் சுருள் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்த ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. வாய்வழியே உள்ளே செல்வது இதுதான். இதை வெறும் நீராவி என்று பலர் நினைப்பது தவறு. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், மணமூட்டும் பொருள்கள் ஆகியவற்றின் கலவை இது. எரிதல் இல்லாததால் பீடிப் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் அந்த அளவுக்கு உண்டாவதில்லை. இது இக்கருவிக்கு உரிய நியாயமான சிறப்பு.

பிறந்த கதை

புகையிலையை எரிக்காத சிகரெட் ஒன்றிற்கு அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1963ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரி, 1965இல் பெற்றார். ஆயினும் அது கடைக்கு வரவில்லை. இன்றைய கருவியின் தொடக்கம், சீன நாட்டு மருந்தாளர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய வடிவமாகும். அவரும் புகைப்பவர். அவருடைய தந்தையாரும் புகைப்பவராக இருந்து நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். இச்செய்தியைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க இயலவில்லை. நூலைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

பட்டறையில் வளர்ந்த கருவி

தொடக்கத்தில் வந்த கருவிகள் சிகரெட்டைப் போலவே ஒல்லியாக இருந்தன. பாட்டரி விரைவில் தீர்ந்துவிடும். ஆவி குறைவாக வரும். இக்குறைகளைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பொறியாளர்கள் அல்லர், பயன்படுத்துவோரே. பழைய டார்ச் விளக்கின் குழாய்களில் பெரிய பாட்டரியைப் பொருத்திப் பார்த்தார்கள். 2008இல் இங்கிலாந்தின் டெட் ரோஜர்ஸ், மாட் ரோஜர்ஸ் ஆகியோர் 'ஸ்குரூடிரைவர்' என்ற பெயரில் இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்தனர். ஒருவர் செய்ததை மற்றவர் வாங்கி இழுத்துப் பார்த்துக் குறை சொல்வார். செய்தவர் அதைத் திருத்துவார்.

இவ்வாறு கருவி ஆளுக்கேற்ப மாறத் தொடங்கிற்று. காற்றுத் துளையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் ஒரு வளையம் வந்தது. திரவம் எவ்வளவு மீதமிருக்கிறது என்று தெரியக் கண்ணாடித் தொட்டி வந்தது. சுருளைத் தாமே சுற்றிக்கொள்ளும் வசதியும் வந்தது. இவற்றுக்கெல்லாம் உதவியது '510' எனப்படும் பொது மரை. 7 மில்லிமீட்டர் விட்டமும் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட திருகு மரை அது. எந்தக் கம்பெனியின் பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் பொருந்துவதுபோல, ஒருவர் செய்த மேல்பகுதி இன்னொருவர் செய்த பாட்டரியில் பொருந்தியது.

ஓம் விதியின் எச்சரிக்கை

நம் பாடத்தில் வரும் ஓம் விதி இங்கே உயிர் காக்கும் விதியாகிறது. முழுதும் ஏற்றிய லித்தியம் பாட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 2 ஓம் ஆனால் மின்னோட்டம் 2.1 ஆம்பியர், திறன் 8.82 வாட். தடையை 0.5 ஓமாகக் குறைத்தால் 8.4 ஆம்பியர், 35.28 வாட். "ஆவி போதவில்லை" என்று மேலும் குறைத்து 0.1 ஓம் ஆக்கினால் 42 ஆம்பியர், 176.4 வாட். இவ்வகைப் பாட்டரிகளில் பல 20 ஆம்பியர் அளவிலேயே தம் எல்லையை எட்டிவிடும். அதை மீறினால் உள்ளே வெப்பம் பெருகி வெடிக்கவும் கூடும். பாட்டரி குறுக்குச்சுற்றானாலும் இதே ஆபத்துதான். மின்சிகரெட் வெடித்து 2018இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒருவரும், 2019இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவரும் உயிரிழந்தனர்.

கருகல் சுவை தந்த பாடம்

பயன்படுத்துவோர் பலரும் சொன்ன மற்றொரு குறை, சில வேளை கருகல் சுவை வருகிறது என்பது. காரணம் எளியது. பாத்திரத்தில் தண்ணீர் உள்ளவரை அடிப்பிடிப்பதில்லை. வற்றிய பிறகே கருகுகிறது. திரியில் திரவம் வற்றினால் சுருளின் வெப்பநிலை கடுமையாக உயர்கிறது. அப்போது கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற நச்சுப் பொருளும், புரொப்பிலீன் கிளைக்கால் சிதைந்து ஃபார்மால்டிஹைடும் தோன்றுகின்றன.

இதற்குத் தீர்வு நம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்றில் வெப்பநிலை மின்தடை எண் காணும் சோதனையை நாம் செய்திருக்கிறோம். நிக்கலுக்கு அந்த எண் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.006. 20 டிகிரியில் 0.1 ஓம் உள்ள நிக்கல் சுருள் 220 டிகிரியில் ஏறத்தாழ 0.22 ஓம் ஆகிவிடும். ஆகவே தடையை அளந்தால் வெப்பநிலை தெரியும். தனியே வெப்பமானி வேண்டியதில்லை. அமெரிக்காவின் எவால்வ் கம்பெனி 2014இல் இம்முறையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றைக் கொண்டுவந்தது. திரி வற்றியதும் கருவி தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 3.3 வோல்ட்டில் ஒரு கருவியைச் சோதித்தபோது காணப்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் காணப்பட்டதாக வெளியிட்டனர். அந்த அளவில் கருகல் சுவை தாங்காது, மனிதர் எவரும் இழுக்கமாட்டார் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. இவ்விடத்தில் நாக்கு நல்லதோர் அளவுகோலாகவே வேலை செய்தது.

நாக்குக்குத் தெரியாதது

இதுவரை படித்தபோது, பயனாளர் கருத்தைக் கேட்டு ஒரு பொருளைச் செய்வதைவிடச் சிறந்த முறை இல்லை என்றே நான் எண்ணினேன். அடுத்துப் படித்தது அந்த எண்ணத்தை மாற்றிற்று.

வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டில் என்ற பொருள் உண்பதற்குத் தீங்கற்றது என ஏற்கப்பட்டது. ஆனால் 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்திருந்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபடும் கொடிய நோய் கண்டறியப்பட்டது. வெண்ணெய் மணப்பொருளின் ஆவியைச் சுவாசித்ததே காரணம் என்று ஆய்வுகள் காட்டின. வயிறு ஏற்பதை நுரையீரல் ஏற்கவேண்டும் என்பதில்லை. இது தெரிந்து 15 ஆண்டுகள் கழித்து, 2015இல், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணமூட்டிய 51 வகை மின்சிகரெட்டுகளைச் சோதித்தனர். அவற்றில் 39இல் டைஅசெட்டில் இருந்தது. வாங்கியவர்கள் "சுவை நன்று" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாக்கிற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2019இல் அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் வைட்டமின் ஈ அசெட்டேட்டைக் கலந்தார்கள். எண்ணெய் கெட்டியாயிருந்தால் கலப்படமற்றது என வாங்குவோர் நம்பியதே அதற்கு வசதியாயிற்று. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ இருந்தனர். இறந்தோர் 68 பேர்.

தொண்டை சொன்னதும் அடக்கப்பட்டது

உடல் உடனே சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நிகோடின் மிகுந்தால் தொண்டை எரியும். பயன்படுத்துவோர் இதையும் குறையாகவே கூறினர். 2015இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜூல் என்ற கருவியில் நிகோடினுடன் பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்பது பள்ளிப் பாடந்தானே! எரிச்சல் தணிந்தது. 5 சதவீத நிகோடின் கரைசலையும் எளிதாக உள்ளிழுக்க முடிந்தது. புகைப்பழக்கமுள்ள முதியவரின் குறை தீர்ந்தது. ஆனால் ஒருமுறை இழுத்து, இருமி, தூக்கியெறிந்திருக்கக்கூடிய பள்ளி மாணவனுக்கு அந்த இருமல் வராமல் போயிற்று. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவரில் மின்சிகரெட் பயன்படுத்துவோர் 2017இல் 11.7 சதவீதமாக இருந்து 2018இல் 20.8 சதவீதமாயினர். கருவியை வடிவமைக்கும்போது கருத்துச் சொன்னவர்களில் அம்மாணவர்களின் பெற்றோர் இல்லை.

சட்டமும் மறுபக்கமும்

நம் நாட்டில் 2019 செப்டம்பர் 18இல் அவசரச் சட்டம் மூலமும், அவ்வாண்டிலேயே நிறைவேறிய சட்டம் மூலமும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியன தடை செய்யப்பட்டன. முதல் முறை இறக்குமதி செய்தாலோ விற்றாலோ ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சொன்னதும் என் அத்தை மகன் அதிர்ந்துபோனார். கருவியை அன்றே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. இங்கிலாந்தில் புகையை விடுவதற்கு மருத்துவத் துறையினரே இக்கருவியைப் பரிந்துரைக்கின்றனர். நிகோடின் பட்டை, மெல்லும் கோந்து ஆகியவற்றைவிட இதனால் புகையை விட்டவர் அதிகம் என்று 2022இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. ஆயினும் புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2016–17இல் நடந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் பீடி குடிப்போர் 7.7 சதவீதம், சிகரெட் குடிப்போர் 4 சதவீதம். புதியதைத் தடுத்த சட்டம் பழையதைப் பெட்டிக்கடையில் விட்டுவைத்திருப்பது ஏன் என்று என் தந்தையார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

நான் சொன்ன விடை

"ஆக, இதுவும் வேண்டாம் அதுவும் வேண்டாங்கிறே" என்றார் தந்தையார். நான் ஒன்றுதான் சொன்னேன். பதினேழு வயதில் பீடியைப் பற்றி அவருடைய நாக்கு நல்ல கருத்தையே சொல்லியிருக்கும். நுரையீரலுக்குப் பேச முப்பது ஆண்டுகள் ஆயின. இப்போது விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் கேட்பது அதன் கருத்தைத்தான். இந்தப் புதிய கருவி வந்து அத்தனை ஆண்டுகள் ஆகவில்லை.

அவர் பதில் பேசவில்லை. புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைக் காட்டினேன். பழக்கத்தை விட விரும்புவோருக்குக் கட்டணமின்றி ஆலோசனை தரும் அரசின் எண் அது. எத்தனையோ முறை அவருக்குக் கடையிலிருந்து பீடி வாங்கி வந்த நான், அதை அதுவரை படித்ததில்லை. மூன்று நாள் கழித்து, "அந்த நம்பரைப் போட்டுக் குடு" என்றார். இப்போது ஒரு கட்டு இரண்டு நாளைக்கு வருகிறது. முழுதும் விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். இன்னும் விடவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கருவிகளைச் செய்யப் போகிறோம். பயன்படுத்துவோரைக் கேட்டே செய்வோம். அத்துடன், இன்று வாய் திறந்து சொல்ல முடியாதவை எவை, யாரை நாம் கேட்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்ப்போம். என் தந்தையார் கேட்ட கேள்வி எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர்