சாத்தம் துறையும் வன்தட்டின் வேகமும்

அந்தமானில், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேயர் நகரை அடுத்துச் சாத்தம் என்னும் சிறு தீவு உள்ளது. 1883-இல் தோன்றிய மர அறுவை ஆலையினால் பெயர் பெற்ற அத்தீவை ஒரு பாலம் நகரோடு இணைக்கின்றது. அதன் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பேம்பூ பிளாட்டுக்கு வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு படகு சென்று வருகின்றது. அத்துறையில் ஒரு முறையேனும் காத்து நின்றவர்க்குக் கணிப்பொறியின் வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குதல் எளிது.

வன்தட்டினுள்ளே மெய்யாகவே ஒரு தட்டுச் சுழல்கின்றது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய செய்தி படிக்கும் தலைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, சுமார் 4 மில்லி வினாடி, ஆகும். அதற்கு முன் அத்தலை உரிய தடத்துக்கு நகர்தல் வேண்டும். அதற்கு 9 என்று வைத்துக்கொள்வோம். ஆக 13 மில்லி வினாடி. இக்கணக்கின்படி, இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் கிடக்கும் 4 கிலோபைட் துண்டுகளை வினாடிக்கு 75 வீதமே எடுக்க இயலும். கிடைப்பது 300 கிலோபைட். செய்தி தொடர்ச்சியாய்க் கிடந்தாலோ, அதே தட்டு வினாடிக்கு 100 மெகாபைட் கொடுக்கும். முந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! படகு கடக்கும் நேரந்தான் செலவு. ஏற்றிய வண்டி ஒன்றா பத்தா என்பது அவ்வளவு பொருட்டன்று.

துறையில் நின்று ஆணையிடும் அதிகாரியின் வேலையைக் கணிப்பொறியில் செய்வது, இயக்க முறைமையின் நடுவேயுள்ள கெர்னல். அது முடிவு செய்யவேண்டியவை இரண்டு. ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றுவது என்பது ஒன்று. கேட்டதற்கு மேலும் அடுத்திருப்பதை முன்கூட்டியே படித்து வைக்கும் இம்முறைக்கு ரீட்-அஹெட் என்று பெயர். லினக்ஸ் கெர்னலில் வழக்கமான அளவு 128 கிலோபைட். யாரை முதலில் ஏற்றுவது, அடுத்த வண்டிக்காகச் சற்றுக் காத்திருப்பதா என்பது மற்றொன்று.

இவ்விரண்டாவதில் கெர்னலின் கொள்கை பலமுறை மாறியிருக்கின்றது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6, ஒரு விண்ணப்பம் முடிந்ததும் பக்கத்திலிருந்து இன்னொன்று வரக்கூடும் என்று சில மில்லி வினாடி சும்மா நின்று பார்த்தது. சோம்பல் போலத் தோன்றும் இச்செயல் சுழலும் தட்டுக்கு ஆதாயமே. ஓட்டுநர் கைகாட்டிக்கொண்டு வருவதைக் கண்டபின் படகை அவிழ்த்துவிடுவார் உண்டோ? 2006-இல் வந்த 2.6.18, எல்லோருக்கும் நேரத்தைப் பங்கிடும் சி.எஃப்.கியூ. முறையைத் தன் வழக்கமாக்கிற்று. பழைய காத்திருக்கும் முறை 2010-இல் 2.6.33-ஓடு நீக்கப்பட்டது. 2019 மார்ச்சில் வந்த 5.0, ஒற்றை வரிசை ஏற்பாட்டையே எடுத்தெறிந்தது, சி.எஃப்.கியூ.வும் உடன் போயிற்று. பல வரிசைக்கென எழுதப்பட்ட எம்.கியூ.-டெட்லைன், பி.எஃப்.கியூ. முதலியன இன்று அவ்விடத்தில் உள்ளன.

இம்முறைகளைத் தெரிந்தெடுக்கும் பழைய கட்டளைக்கு ‘எலிவேட்டர்’ என்று பெயர். மொழிபெயர்ப்பாளராகிய நாம் அதனை முதன்முதல் ‘மின்தூக்கி’ என்றெழுதி நகைப்புக்கு இடமானோம். பிறகுதான் தெரிந்தது, பெயரிட்டவர்கள் மாடி ஏறி இறங்கும் மின்தூக்கியைத்தான் மனத்தில் கொண்டிருந்தார்கள் என்பது!

கொள்கை மாறியதை அறியாமல் பழைய ஆணையைத் தொடர்ந்தால் நேர்வது என்ன? நாம் பணிபுரிந்த அலுவலகமொன்றில் கலைச்சொற் பட்டியல்களும் பழைய சுற்றறிக்கைகளும் ஒரே வன்தட்டில் இருந்தன. கெர்னலைப் புதுப்பித்தபின் ஒரு சொல்லைத் தேடுவதற்குள் தேநீர் ஆறிப்போயிற்று. தட்டுப் பழுது, புதியது வாங்கவேண்டும் என்றனர். தீவில் அஃது எளிதன்று. சென்னையிலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள். நல்வேளையாக, முன்பிருந்தவர் எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு ஒன்று அகப்பட்டது. அதில் ரீட்-அஹெட் ‘8192’ என்றிருந்தது. அவர் கையாண்ட கட்டளை 512 பைட் கொண்ட பிரிவுகளில் எண்ணுவது. ஆகவே அவர் கருதியது 4 மெகாபைட். பின்வந்தவர் அதே எண்ணைக் கிலோபைட்டில் எண்ணும் வேறோர் இடத்தில் எழுதிவிட்டார்; அஃது 8 மெகாபைட் ஆயிற்று. ஒரு சொல்லுக்காகத் தேடும் நிரல் தட்டின் ஓரிடத்தைத் தொடுந்தோறும் 8 மெகாபைட் வந்திறங்கினால், வினாடிக்கு 100 மெகாபைட் தரும் தட்டிலும் 80 மில்லி வினாடி போய்விடும். பெரிய கோப்பை நகலெடுக்க நன்று. சொல் தேட நஞ்சு. சீட்டிலிருந்த ‘எலிவேட்டர்’ வரியோ 5.0-க்குப் பின் வெற்றெழுத்து. கெர்னல் அதனை மறுத்துத் தடுக்கவுமில்லை, சட்டை செய்யவுமில்லை. 128-க்குத் திரும்பினோம், நகலெடுக்கும் வேலை நடக்கையிலும் தேடுபவர் காத்திராவண்ணம் பி.எஃப்.கியூ.வைத் தெரிந்தெடுத்தோம். பழைய தட்டே போதியதாயிற்று.

2020 ஆகஸ்டு 10-இல் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும், ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி திறக்கப்படும்வரை இங்கு இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஊர்ப்பாட்டும் படமும் வன்தட்டிலேறியே கடல் கடந்தன. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் அத்தகைய தட்டுகள் பெட்டியில் உறங்குகின்றன. அவற்றைப் பழுதென்று தள்ளுமுன் அளந்து பார்த்தல் நலம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆயினும் பிறிதாயினும் அளக்கும் வகை ஒன்றே. முதலில் கெர்னலின் எண்ணைக் குறித்துக்கொள்க. ஹெச்.டி.பார்ம் என்னும் கருவி தொடர்ச்சியான வாசிப்பை மட்டுமே அளக்கும். ஆதலின் அன்றாடம் செய்யும் வேலையையே கடிகாரம் வைத்துச் செய்து பார்க்கவேண்டும். இரண்டாம் முறை அளக்குமுன் கணிப்பொறியை அணைத்து எழுப்புக. இன்றேல் செய்தி தட்டிலிருந்து வாராமல் நினைவகத்திலிருந்தே வந்து, இல்லாத வேகத்தைக் காட்டும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணையே மாற்றுக. சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி.க்கு இக்கணக்குகள் அப்படியே பொருந்தா. அங்கே கடக்கவேண்டிய நீரே இல்லை.

நம் அலுவலகக் கணிப்பொறியின் பக்கவாட்டில் இப்பொழுது புதிய சீட்டொன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. முதல் வரியில் கெர்னலின் எண்ணும் தேதியும். அடுத்த வரியில் ‘128, கிலோபைட்’ என்று அளவையோடு.