புழக்கடைக் கதவு

1999ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில், பல்கலைக்கழகம் ஒன்றில் சட்ட ஆய்வு செய்துவந்த ஒருவருடைய கணிப்பொறியில் ஏறத்தாழ 3,500 படங்கள் கண்டெடுக்கப்பட்டன. குழந்தைகளைக் கேவலப்படுத்தும் படங்கள். அவற்றைக் குறித்து இதற்குமேல் எழுத நாம் விரும்பவில்லை. கணிப்பொறி அவருடையது; ஆகவே குற்றமும் அவருடையதே என்று கொள்ளப்பட்டது. பதவி பறிபோயிற்று. பெயர் வெளிப்பட்டபின் அவர் நாட்டைவிட்டே வெளியேறினார். மன உளைச்சலுக்கு மருத்துவரை நாடவேண்டியதாயிற்று. 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'நெட்பஸ்' என்னும் நிரல் வழியாக வேறொருவர் தொலைவிலிருந்தே அக்கணிப்பொறியை இயக்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளை அம்மனிதருக்கு யார் திருப்பித் தருவது?

இன்று நம்மில் பலருடைய வீடுகளில் கணிப்பொறி உண்டு. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, வெளிநாட்டில் உள்ள மகனுடைய முகம் என அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் வந்து அடங்கிவிட்டன. வைரஸ் என்ற சொல்லையும் நாம் அறிவோம். ஆயினும் சுவீடன் நாட்டு ஆய்வாளரை வீழ்த்தியது சாதாரண வைரஸ் அன்று. முன்வாசலை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறோம். புழக்கடைக் கதவின் தாழ்ப்பாளை எவனோ முன்னமே விலக்கி வைத்திருக்கிறான். அவன் வேண்டும்போது வருவான், போவான். இத்தகைய நிரலுக்கு 'பேக்டோர்', அதாவது புழக்கடைக் கதவு, என்றே பெயர். வீட்டில் புகுந்த எலி மூட்டையைக் கடித்துக் குதறித் தன்னைக் காட்டிக்கொள்ளும். இதுவோ எதையும் சிதைப்பதில்லை. நீங்கள் தட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளும், திரையைப் படமெடுக்கும், உங்கள் பெயரிலேயே பிறர்க்குக் கடிதமும் எழுதும். பொருள் போவது ஒருபுறமிருக்க, நல்ல பெயர் போவதே இதில் நாம் அஞ்சவேண்டியது.

நெட்பஸ் 1998ஆம் ஆண்டு சுவீடன் நாட்டவர் ஒருவரால் எழுதப்பட்டது. பிறருடைய கணிப்பொறியின் குறுந்தட்டுத் தட்டைத் திடீரெனத் திறந்துவிடுவது போன்ற வேடிக்கைகளும் அதில் இருந்தன. வேடிக்கைக்கென்று செய்தது எங்கே போய் முடிந்தது என்று கண்டோம். இன்று இத்தகையவை பெரும்பாலும் மின்னஞ்சலின் இணைப்பாகவோ, விலையுள்ள மென்பொருளை இலவசமாக்கும் 'கிராக்' நிரலோடு ஒட்டிக்கொண்டோ வருகின்றன. 'கிராக்' போடத் தெரிந்த மகனைப் பெருமையோடு பிறர்க்கு அறிமுகம் செய்யும் தந்தையரை நாம் பார்த்திருக்கிறோம்! நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும் என்று அந்நிரல் அறிவுறுத்துவது உண்டு. காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்பவன் எதற்காக வந்திருக்கிறான் என்பதை அந்தத் தந்தையாவது யோசிக்க வேண்டாமா?

ஆனால் நேர்வழியில் சென்றவர்களும் தப்பவில்லை. கணிப்பொறியில் சேரும் குப்பையை அகற்றும் 'சிகிளீனர்' என்பது பலரும் நம்பிப் பயன்படுத்திய மென்பொருள். 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அதன் பதிப்பில் விஷமிகள் புழக்கடைக் கதவொன்றைப் பொருத்திவிட்டனர். நிறுவனத்தின் தளத்திலிருந்தே, அதன் முறையான மின்கையொப்பத்தோடு, அது வெளிவந்தது. செப்டம்பர் 18ஆம் நாள் செய்தி வெளியானபோது ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதை ஏற்றிருந்தனர். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் சுமார் 40 கணிப்பொறிகளையே விஷமிகள் பொறுக்கியெடுத்து மேலும் துளைத்தனர். மற்றவர்கள் பிழைத்தது அவர்களுடைய கவனத்தால் அன்று. கள்வனுக்கு அவர்கள்மேல் நாட்டமில்லாததால்தான்.

அப்படியானால் கண்டுபிடிப்பது எங்ஙனம்? நிறுத்தாத ஆன்டிவைரஸ் தானே நின்றிருப்பது, காமிராவின் விளக்கு காரணமின்றி எரிவது, நாம் எழுதாத கடிதம் அனுப்பியவற்றில் கிடப்பது ஆகியவை வெளிப்படையான அடையாளங்கள். கணிப்பொறி மெதுவாக இயங்குவதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடலாகாது. பழைய இயந்திரமும் மூச்சிரைக்கத்தான் செய்யும்.

உள்ளே புகுந்தவன் வெளியுலகோடு பேசியே தீரவேண்டும். அவனைப் பிடிக்க உதவும் இடம் அதுவே. முற்காலத்தில் இந்நிரல்கள் ஒரு துறையைத் திறந்துவைத்துக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருந்தன. நெட்பஸ் காத்திருந்த துறையின் எண் 12345. இன்று ரௌட்டர்கள் வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்துவிடுவதால், உள்ளே இருப்பதே வெளியே உள்ள தன் எஜமானனை அழைக்கிறது. விண்டோஸ் கணிப்பொறியில் திறந்திருக்கும் மற்ற நிரல்களையெல்லாம் மூடிவிட்டு, 'கமாண்ட் பிராம்ப்ட்' பலகையைத் திறந்து, 'நெட்ஸ்டாட்' என ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஏ, என், ஓ என்னும் எழுத்துகளும் இட்டுப் பாருங்கள். எந்த முகவரியோடு தொடர்பு நடக்கிறது என்பது வரிசையாக வரும். கடைசிப் பத்தியில் ஓர் எண் இருக்கும். 'டாஸ்க் மேனேஜரின்' விவரப் பக்கத்தில் அதே எண்ணைத் தேடினால், பேசுவது எந்த நிரல் என்பது புலப்படும். அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி, அந்தக் கோப்பு எங்கே குடியிருக்கிறது என்றும் காணலாம். விண்டோஸின் சொந்த நிரலொன்றின் பெயரைத் தாங்கிக்கொண்டு, ஆனால் 'சிஸ்டம் 32' என்னும் உறையில் இல்லாமல் வேறெங்கோ கிடந்தால் ஐயம் கொள்ளுங்கள். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்! பெயர் தெரியாதவை யாவும் பகை அல்ல.

இன்னொரு தடயமும் உண்டு. கணிப்பொறியை அணைத்து மீண்டும் ஏற்றும்போது தானும் எழுவதற்கு இந்நிரல் எங்கேனும் தன் பெயரைப் பதிந்து வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்னும் கருவி அப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டுக்கு உரியவற்றை மறைத்துவிட்டு எஞ்சியவற்றை மட்டும் பார்ப்பது எளிது.

இவ்வளவும் செய்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் வீடு சுத்தம் என்று பொருளா? இல்லை. வசப்பட்டுவிட்ட கணிப்பொறியிடமே அதன் நிலையைக் கேட்கிறோம். அது பொய் சொல்லக்கூடும். ஆகையால்தான் விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியில் 'டிஃபென்டர் ஆஃப்லைன்' என்றொரு சோதனை வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் முழுமையாக விழித்தெழுமுன்பே, ஒளிந்திருப்பவன் தன்னை மறைத்துக்கொள்ள வழியில்லாத நேரத்தில், சுமார் 15 நிமிடங்கள் அது தேடுகிறது.

கண்டுகொண்டீர்களானால் முதற்காரியம் இணையத் தொடர்பைத் துண்டிப்பது. பிறகு பலரும் செய்யும் தவறு, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. கதவைத் திறந்தவன் உள்ளே வேறென்ன வைத்துப் போனான் என்பதை நாம் அறியோம். சிகிளீனர் விவகாரத்தை ஆராய்ந்த 'சிஸ்கோ டேலோஸ்' வல்லுநர்களும், புதிய பதிப்பை ஏற்றினால் மட்டும் போதாது, கணிப்பொறியை ஆகஸ்ட் 15க்கு முந்திய நிலைக்குத் திருப்ப வேண்டும் அல்லது விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும் என்றே கூறினர். ஆகவே புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள், நிரல்களை எடுக்கவேண்டாம். சந்தேகமற்ற வேறொரு கணிப்பொறியில், குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி வந்து, பழைய வட்டை முற்றிலும் துடைத்தபின் நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கூடுமாயின் இந்தச் சந்தர்ப்பத்திலேயே அடுத்த பதிப்புக்கு மாறிவிடலாம். எடுத்து வைத்த நகல்களை ஆன்டிவைரஸ் கொண்டு சோதித்த பின்னரே திறக்கவேண்டும்.

கடவுச்சொற்களை மாற்றும் வேலை இன்னும் பாக்கி. இதையும் நோயுற்றிருந்த கணிப்பொறியில், அது குணமாகுமுன் செய்தால், புதிய சாவியையும் கள்வன் கையிலேயே கொடுத்ததாகும். வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலே முதலில், மற்றக் கணக்குகளின் சாவிகளெல்லாம் அதன் வழியாகத்தானே மீட்கப்படுகின்றன! பின்னர் வங்கி. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்தி, செல்பேசி வழியாக உறுதிசெய்யும் இரண்டாம் படியையும் சேர்த்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணாகிய 1930க்கும் அறிவியுங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில், உங்களுக்கு வரும் கடிதங்களை வேறொரு முகவரிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் விதி ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கணிப்பொறியைத் துடைத்தாலும் அந்த விதி அழியாது; அதைத் தேடி நீக்க வேண்டியவர் நீங்களே.