கேட்டில் ஒட்டிய நோட்டீஸும் கையிலிருந்த சீட்டும்

1997 மழைக்காலம். அப்போது நான் லிலுவா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன். ஹவுராவில் எங்கள் சந்திலேயே குடியிருந்தார் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். தனியார் ஆலையொன்றில் பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஆர்டர் இல்லை என்று அவரையும் இன்னும் சிலரையும் 'லே ஆஃப்' செய்தார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் தங்கை மகள் கல்யாணத்தைப் பார்த்து வரலாமென்று கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து கேட்டால், ஊரிலிருந்த பதினெட்டு நாளுக்கும் ஒரு பைசா கிடையாது என்று கைவிரித்தார்கள்.

"தம்பி, வேலை இல்லைன்னு அனுப்பினவனே நீ ஏன் வரலைன்னு கேக்கான். இது என்ன நியாயம்?" என்றார் என்னிடம்.

நியாயமோ இல்லையோ, சட்டம் அப்படித்தான். 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டப்படி, லே ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி உண்டு. ஆனால் வேலை நேரத்தில் தினம் ஒரு தடவையாவது ஆலைக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். 50 பேருக்குக் குறைவாக உள்ள ஆலைக்கு இது பொருந்தாது. மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டும். ஒரு வருஷ சர்வீஸ் வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருஷக் கணக்கு.

ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளில் 'பத்லி' என்றொரு வகை உண்டல்லவா? பிறருக்குப் பதிலாக வருகிறவர்கள். அவர்களுக்கு லே ஆஃப் படி இல்லை. ஆனால் அவரே ஒரு வருஷ சர்வீஸை முடித்துவிட்டால், பத்லி என்று சொல்லி அவரை ஒதுக்க முடியாது. பலருக்கும் இது தெரியாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த விதிகள் பெரும்பாலும் நீடிக்கின்றன.

அடுத்த வருஷமே அண்ணாச்சியின் ஆலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டிப் பூட்டிவிட்டது. அதே 1998-ல்தான் மேற்கு வங்க அரசு, கதவடைத்த ஆலைகளின் தொழிலாளருக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. பின்னாளில் அது 1,500 ஆயிற்று. ஆலை ஒரு வருஷமாவது மூடிக் கிடக்க வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணாச்சியும் ஒரு வருஷம் காத்திருந்து மனுப் போட்டார்.

அங்கேதான் நம்மவர்களுக்கே உரிய சிக்கல் வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஆலைப் பதிவேட்டில் இனிஷியலோடு அவர் பெயர். ரேஷன் கார்டு எழுதிய குமாஸ்தாவோ அப்பா பெயரைப் பின்னால் போட்டு அதையே பட்டப்பெயராக்கி வைத்திருந்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி, பழைய சம்பளச் சீட்டுகளையும் இ.எஸ்.ஐ. கார்டையும் காட்டி நிரூபிக்க ஏழு மாதம் அலைந்தோம். நல்லவேளையாக அண்ணாச்சி ஒரு சீட்டையும் தூக்கிப் போட்டவரல்ல. பிரிட்டானியா பிஸ்கட் டின்னில் எல்லாம் அடுக்கியிருந்தார்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், இறக்குமதியால் வேலை போனால் அங்கே அரசு உதவி உண்டு என்று ஒருமுறை சொன்னான். 1962-ல் வந்த திட்டம். மூன்று தொழிலாளர் சேர்ந்தாலே மனுப் போடலாம். ஆனால் வெளிநாட்டு வாணிபம்தான் காரணம் என்று அரசு ஒப்ப வேண்டும். 2022 ஜூலையிலிருந்து புது மனுக்களை எடுப்பதில்லை. நம் நாட்டிலும் 1992-ல் தேசியப் புதுப்பித்தல் நிதி என்று ஆரம்பித்தார்கள். மறுபயிற்சி என்று பேச்சு. பணமோ பெரும்பாலும் பொதுத்துறையில் விருப்ப ஓய்வு கொடுக்கவே போயிற்று.

நான் பழுது பார்த்த வேகன்களில் எத்தனையோ ஜெஸ்ஸப், பர்ன் பெயர்த் தகடு தாங்கியவை. ஜெஸ்ஸப், டன்லப் தொழிலாளருக்கு 2016-ல் மாநில அரசு மாதம் 10,000 ரூபாய் தர முன்வந்தது. பர்ன் ஸ்டாண்டர்டை மூட 2018-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது 508 பேருக்கு விருப்ப ஓய்வு. பெயர் தெரியாத ஆலையில் வேலை பார்த்த அண்ணாச்சிக்கு இதெல்லாம் ஏது?

வயது முடிந்ததும் அவருடைய உதவித்தொகையும் நின்றது. பிறகு கிராஜுவிட்டிக்காக மனுப் போடப் போனபோதும் அதே பிஸ்கட் டின்னைத்தான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நம் அன்பர்களில் யாருக்காவது இப்படிச் சீட்டுகள் இருந்து, என்ன செய்வதென்று தெரியாவிட்டால், ஞாயிறு மாலை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்க்கிறேன்.