லயத்தைக் காலி செய்யும் முன்

தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி பெரும்பாலும் ஆபீசிலிருந்து வருவதில்லை. கோயில் திடலில் யாரோ சொல்லி, கடைக்காரர் வாயால் உறுதியாகி, கடைசியில்தான் அறிவிப்புப் பலகைக்கு வருகிறது. அன்று இரவே லயத்து வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்.

“ஈப்போ டவுன்லயே வாடகைக்குப் பார்த்துடலாங்க. பிள்ளைங்க நடந்தே ஸ்கூலுக்குப் போயிடும்” என்பார் மனைவி. “சிம்மோர் பக்கம் தாமான்ல ஒரு வீடு வாங்கிட்டா தாசேக் கம்பெனிக்கு மோட்டார்லயே போயிட்டு வந்துடுவேன்” என்பார் கணவர். “அப்ப நம்ம சாமிய யாருப்பா பார்த்துக்குவாங்க?” என்று பாட்டி கேட்பார்.

மூன்றுமே நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த இரவில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. போகப்போகும் வீட்டுக்குக் காகிதம் என்ன இருக்கிறது?

தோட்டத்து வீட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்தும் அது நம் வீடாக இருந்ததில்லை. வேலை இருக்கும் வரைதான் கூரை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு இதுவே காரணம். தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்க வேண்டும் என்றார் அவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். இரண்டு முறையும் நம்மிடம் உழைப்பு இருந்தது, காகிதம் இல்லை. இந்த மூன்றாவது இடப்பெயர்விலாவது அது மாற வேண்டும்.

முதலில் வர வேண்டிய பணம்

புது வீட்டைத் தேடும் முன் பழைய கணக்கை முடியுங்கள். தோட்டம் மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ, 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகள் உங்களுக்குத் துணை. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 12 ஆண்டு மரம் சீவியவருக்கு 240 நாள் சம்பளம் வர வேண்டும். வேலை முடிந்த 7 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. தோட்டம் விற்கப்பட்டு, புதிய முதலாளி பழைய சம்பளம், சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தும் நீங்கள் மறுத்தால் இந்த இழப்பீடு கிடைக்காது. அதேபோல், யாரோ நீட்டிய தாளில் ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டாலும் உரிமை போய்விடும். மலாயில் எழுதியிருப்பது புரியவில்லையென்றால் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள். பணம் வரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். காரணமின்றி வேலைநீக்கம் செய்தார்கள் என்றால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

டவுனா, தாமானா?

ஈப்போவுக்குள், புந்தோங் போன்ற இடங்களில், தமிழ்ப்பள்ளி, கோயில், கடைத்தெரு, பொது மருத்துவமனை எல்லாம் பக்கம். வயதானவர்களை ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு மாதாமாதம் அழைத்துப்போகும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். அதற்கு ஈடாக வீடு சிறிது, பழையது. பெரும்பாலும் வாடகை, அல்லது லிஃப்ட் அடிக்கடி நிற்கும் அடுக்குமாடி.

வெளியே, சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா பக்கத்துத் தாமான்களில், அதே பணத்துக்கு வாசலும் கொல்லையும் உள்ள தரை வீடு கிடைக்கும். ஆனால் பஸ் எப்போது வரும் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டுக்கு ஒரு மோட்டார் போதாது, இரண்டு வேண்டும். வீட்டுத் தவணை குறைவு என்று மகிழும் முன், பெட்ரோலையும் இரண்டாவது மோட்டாரின் தவணையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கூட்டலுக்குப் பிறகு டவுனும் தாமானும் ஒரே செலவில் வந்து நிற்கும்.

பள்ளியையும் நேரில் போய்ப் பாருங்கள். தோட்டம் போன பின்பும் ‘லாடாங்’ என்ற பெயரோடு தாமானுக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளும் உண்டு. உங்கள் பிள்ளை அங்கே சேர்வது அந்தப் பள்ளிக்கும் உதவி. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீடு மாறும் குழப்பத்தில் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தால் சட்டப்படி பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாடகை வீடு: முத்திரை இல்லாத ஒப்பந்தம் வெறும் தாள்

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதே உங்களுக்குக் கவசம். வாய்ப்பேச்சில் குடியேறாதீர்கள். ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர்-மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. மாதம் 600 வெள்ளி வீட்டுக்குக் கையில் 2,100 வெள்ளி வேண்டும். சாவி வாங்கும் நாளில் மீட்டர் எண்களையும், சுவரில் உள்ள விரிசலையும், உடைந்த குழாயையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்துக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. பணத்தைத் திருப்பித் தராவிட்டால், 5,000 வெள்ளி வரையிலான வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தொடுக்கலாம்.

வாடகை பாக்கி இருந்தாலும், வாடகைக் காலம் முடிந்தாலும், பூட்டை மாற்றி உங்கள் சாமானை வெளியே எறியும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு இல்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு. மீறினால் போலீசில் புகார் செய்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் அதை மறைத்து வைக்காதீர்கள். குறித்த தேதியில் போகாவிட்டால் எதிர்த்தரப்புக்கே தீர்ப்பு போய்விடும்.

அடுக்குமாடி: பராமரிப்புக் கட்டணமும் ஒழுகும் கூரையும்

ஃபிளாட் வாங்கினால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் சேமிப்பு நிதியும் கட்ட வேண்டும். பழைய வீட்டை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முந்தைய உரிமையாளரின் பாக்கி. கட்டாதவரின் அசையும் பொருளை ஜப்தி செய்யவும் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து உங்கள் கூரையில் நீர் கசிந்தால் சண்டை போட வேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும், பிறகு காரணம் என்ன என்று சான்று தர வேண்டும். மாறாக நிரூபிக்கப்படும் வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே விதி எடுத்துக்கொள்கிறது. நிர்வாகம் அசையாவிட்டால் 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்க அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

புதுத் தாமான்: படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

மேம்பாட்டாளரிடம் இரண்டு தாள்களைக் கேளுங்கள்: வீட்டு மேம்பாட்டு உரிமம், விளம்பர-விற்பனை அனுமதி. இரண்டிலும் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். ‘புக்கிங்’ என்று முன்கூட்டியே பணம் வாங்குவதற்கு விதியில் இடமில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான் முதல் 10 விழுக்காடு.

சட்டம் வகுத்த ஒப்பந்தப்படி தரை வீட்டை 24 மாதத்துக்குள்ளும், அடுக்குமாடியை 36 மாதத்துக்குள்ளும் கட்டிக் கொடுக்க வேண்டும். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு உண்டு. சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் வரை விரிசல், ஒழுகல், சாய்ந்த கதவு எல்லாவற்றையும் மேம்பாட்டாளர்தான் சரிசெய்ய வேண்டும். புகாரை எழுத்தில் கொடுங்கள். மழைக்காலம் ஒன்று முழுதாகக் கடக்கும் முன் ‘எல்லாம் நன்று’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 10 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம்.

முன்பணத்துக்கு அலோங்கிடம் போவதற்குப் பதில், ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து வீட்டுக்காக எடுக்க முடியும். சம்பளச் சீட்டு இல்லாத சிறுவணிகர்கள், கூலிவேலை செய்பவர்கள் அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் பற்றி வங்கியில் கேட்கலாம். வீட்டைக் காட்டும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அவருடைய அட்டையை வாங்கிப் பாருங்கள். முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாதீர்கள்.

மலிவு நிலம், விலையுயர்ந்த தவறு

அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘கம்பத்துல வீடு இருக்கு, பாதி விலைக்குத் தர்றாங்க’ என்பார்கள். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் செய்யுங்கள். வரும் தாளில் நான்கு வரிகளைப் பாருங்கள்.

முதலாவது, உரிமை வகை. வெறும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்றால், அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் காலாவதியாகும். அதை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. வீட்டைக் கட்டிய செலவு மட்டும் உங்களுடையது, நிலம் அரசாங்கத்தினுடையது.

இரண்டாவது, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது. அப்படியென்றால் பணம் கொடுத்தாலும் உங்கள் பெயருக்கு மாறாது.

மூன்றாவது, நிலப் பயன்பாடு. ‘விவசாயம்’ என்றிருக்கும் பழைய ரப்பர் நிலத்தை ஒரு பட்டாவில் இருபது பேர் பங்கு போட்டு வாங்கி வீடு கட்டினால், வகை மாற்றம் இல்லாமல் அந்த வீடுகள் சட்டத்துக்கு முன் இல்லாத வீடுகள். ஒருவர் கடன்பட்டால் இருபது பேருக்கும் தலைவலி.

நான்காவது, குத்தகைக் காலமும் விற்பனைத் தடையும். 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு மீதி? கைமாற்ற மாநில அனுமதி வேண்டுமா? மலிவு விலை வீடுகளில் இந்தத் தடை சாதாரணம்.

காகிதத்தோடு கண்ணாலும் பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய ஈய லம்பங்களும் நிறைந்த இடம். ஈப்போக்காரர்கள் தைப்பூசத்துக்குப் போகும் கல்லுமலைக் கோயில் இருக்கும் அதே குனோங் சீரோவில், 1973 அக்டோபரில் பாறை சரிந்து அடிவாரத்தில் குடியிருந்த சுமார் 40 பேர் மாண்டார்கள். குன்றை ஒட்டிய வீடு அழகுதான், ஆனால் பின்சுவருக்கும் பாறைக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பழைய லம்பத்தை நிரப்பிக் கட்டிய இடமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தரை இறங்கிய அறிகுறி, கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலில் தெரியும்.

குடும்பக் கோப்பு

ஒரு தடித்த கோப்பு வாங்குங்கள். எல்லோருடைய பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, மைகார்டு நகல், சேமநிதி அறிக்கை, சொக்சோ எண், சம்பளச் சீட்டுகள், பள்ளி மாற்றுக் கடிதம். வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் முகவரியைத் தேர்தல் ஆணையத்தில் தனியாக மாற்ற வேண்டும். மைகார்டில் மாற்றினால் அது தானாக மாறாது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், இடம் மாறும் முன்பே, தோட்டத்தில் சாட்சி சொல்லக்கூடிய பழைய ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதே, விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அவர்களும் கலைந்துபோன பிறகு சாட்சி தேடி அலைவது கடினம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். அரசின் சட்ட உதவி இலாகாவும், பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கின்றன.

டவுனோ தாமானோ, உங்கள் குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நில அலுவலகத்துக்கு ஒரு நடை நடக்காமல் முன்பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். நம் பாட்டன்மார் காட்டை அழித்து மரம் நட்டார்கள், அவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை. இந்த முறை வீட்டுச் சாவியோடு காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.